புர்க்கினா பாசோ தைவானை விட்டது பணத்துக்காக மட்டுமா?

கேள்வி இது: "2017-ல் சீனா 5,000 கோடி டாலர் தருவதாகச் சொன்னாலும் தைவானை விடமாட்டோம் என்றது புர்க்கினா பாசோ. அடுத்த ஆண்டே தைவானைக் கைவிட்டது. அப்படியானால் விலை படிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? தைவான் அங்கே செய்த வேலைகள் என்ன ஆயின? பழைய உறவு திரும்ப வாய்ப்பு உண்டா?"

பணம் ஒரு காரணம்தான். ஆனால் பணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த முடிவு ஏன் 2018-ல் வந்தது, ஏன் 2010-லோ 2005-லோ வரவில்லை என்பதை விளக்கவே முடியாது. நேரம்தான் இதில் முக்கியம்.

முதலில் அந்த 5,000 கோடியைப் பார்ப்போம். 2017 ஜனவரியில் புளூம்பெர்க் நிறுவனத்துக்குக் கொடுத்த பேட்டியில் அன்றைய வெளியுறவு அமைச்சர் அல்ஃபா பாரி சொன்னது அது. பெய்ஜிங்குடன் கையெழுத்திட்டால் 5,000 கோடி டாலரோ அதற்கு மேலோ தருகிறோம் என்றெல்லாம் எங்களிடம் வந்து பேசுகிறார்கள், தைவான் எங்கள் நண்பன், உறவை மாற்றக் காரணம் எதுவும் தெரியவில்லை என்றார். அன்றைக்கு அந்த நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியே அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு பெரிய தொகையை யாரும் உண்மையாகவே மேசையில் வைத்திருக்க வாய்ப்பில்லை. இடைத்தரகர்கள் அள்ளிவிட்ட எண்ணாக இருக்கலாம். ஆகவே "5,000 கோடிக்கு மயங்காதவர்கள் பிறகு மயங்கினார்கள்" என்று கதையைத் தொடங்குவதே சரியில்லை. சீனத் தரப்பிலிருந்து தூண்டில்கள் விழத் தொடங்கிவிட்டன என்பது மட்டுமே அந்தப் பேட்டியிலிருந்து உறுதியாகத் தெரிவது. அவை ஏன் அப்போது தொடங்கின என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு அடிப்படை விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். தைவான், சீனா இரண்டோடும் ஒரே சமயத்தில் முழுத் தூதரக உறவு வைத்துக்கொள்ள எந்த நாட்டுக்கும் வழியில்லை. பெய்ஜிங் அதை ஏற்பதே இல்லை. லைபீரியாவில் அதிபர் சார்லஸ் டெய்லர் 1997-ல் இரண்டையும் அங்கீகரிப்பதாக அறிவித்துப் பார்த்தார். பெய்ஜிங் உடனே உறவை முறித்தது. அதனால் ஒரு பக்கம் கை நீட்டினால் மறு பக்கம் கையை விடத்தான் வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல், காம்பியா, நைஜர், லைபீரியா, கினி-பிசாவ், பெனின் என்று ஆறேழு நாடுகள் இப்படி முன்னும் பின்னும் போய் வந்திருக்கின்றன. புர்க்கினா பாசோ விசித்திரமான விதிவிலக்கு ஒன்றும் இல்லை.

அந்த நாட்டின் பழைய பெயர் அப்பர் வோல்ட்டா. 1960 ஆகஸ்டில் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது. அந்த ஓராண்டில் மட்டும் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் சுதந்திரம் அடைந்தன. ஐ.நா. பொதுச்சபையில் திடீரென்று இத்தனை புது வாக்குகள். சீனாவின் இருக்கை தைவான் தலைநகர் தைபேயில் இருக்கும் அரசுக்கா, பெய்ஜிங்கில் இருக்கும் அரசுக்கா என்பது ஆண்டுதோறும் அங்கே எழுந்துகொண்டிருந்த சண்டை. ஆகவே இந்த வாக்குகள் தைவானுக்கு உயிர்நாடி. அன்றைய தைவானிடம் கொட்டிக் கொடுக்கப் பணம் இல்லை, ஆனால் நெல் விளைவிக்கத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். 1961-ல் முதல் விவசாயக் குழு லைபீரியாவுக்குப் போனது. பின்னால் அமெரிக்கப் பண உதவியும் சேர, ஆப்பிரிக்கா முழுவதும் இப்படிக் குழுக்கள் பரவின. அப்பர் வோல்ட்டாவும் 1961-லேயே தைபேயை அங்கீகரித்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி வருகிறது. நாட்டின் தென்மேற்கில் போபோ-டியூலாசோ நகருக்குப் பக்கத்தில் கூ பள்ளத்தாக்கு என்று ஓர் இடம். 1960-களின் கடைசியில் தைவான் குழு அங்கே ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பாசன நிலம் உருவாக்கும் வேலையைத் தொடங்கியது. வாய்க்கால் வெட்டி, வயலைச் சமன்படுத்தி, நாற்று நட்டு, ஆண்டுக்கு இரண்டு போகம் எடுக்கும் முறை. சோளமும் கம்பும் மழையை நம்பி விதைத்துக்கொண்டிருந்த விவசாயிகளுக்கு அது புதிய வேலை. 1971 அக்டோபர் 25 அன்று ஐ.நா. பொதுச்சபை 76-க்கு 35 என்ற வாக்கில் சீனாவின் இருக்கையைப் பெய்ஜிங்குக்குக் கொடுத்தது. மறு ஆண்டு அமெரிக்க அதிபர் நிக்சனே பெய்ஜிங் போய் இறங்கினார். ஆப்பிரிக்காவில் காற்று திசை மாறியது. 1973 செப்டம்பரில் அப்பர் வோல்ட்டா அதிபர் லாமிசானாவின் அரசு பெய்ஜிங்கை அங்கீகரித்தது. தைவான்காரர்கள் கிளம்பினார்கள், மக்கள் சீனத்தின் குழு வந்து அதே கூ பள்ளத்தாக்கில் வேலையைத் தொடர்ந்தது. வாய்க்கால் அதே வாய்க்கால், விவசாயியும் அதே விவசாயி. பறந்த கொடிதான் வேறு.

1973-லிருந்து 1994 வரை பெய்ஜிங் காலம். தாமஸ் சங்காரா 1983 ஆகஸ்ட் 4 அன்று ஆட்சியைப் பிடித்தார், நாட்டுக்கு இன்றைய பெயரை வைத்தவரும் அவரே. தலைநகர் வாகடூகுவில் உள்ள பெரிய விளையாட்டரங்கத்துக்கு "ஆகஸ்ட் 4" என்றே பெயர், அது சீன உதவியில் கட்டியது. 1987-ல் சங்காரா கொல்லப்பட்டார், அவருடைய தோழரான பிளேஸ் காம்பவோரே அதிபரானார். அவர்தான் 1994 பிப்ரவரியில் மறுபடி தைவானிடம் போனவர்.

அந்தத் தேதியைக் கவனியுங்கள். அதற்குச் சில வாரம் முன்பு, 1994 ஜனவரி 12-ல், மேற்கு ஆப்பிரிக்காவின் பொது நாணயமான சி.எஃப்.ஏ. பிராங்கின் மதிப்பு ஒரே இரவில் பாதியாகக் குறைக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் மருந்து, எரிபொருள், அரிசி எல்லாம் ஒரேயடியாக விலை ஏறியது. அதே சமயத்தில் தைவான் உலகிலேயே மிகப்பெரிய அந்நியச் செலாவணிக் கையிருப்பு வைத்திருந்த நாடுகளில் ஒன்று. அன்றைய சீனாவிடம் ஆப்பிரிக்காவுக்குக் கொடுக்க இன்றுள்ள வசதி கிடையாது. 1994-ல் தைவானைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு பொருளாதாரக் கணக்குதான். 2018-ஐ மட்டும் விலைபோனதாகச் சொல்லி, 1994-ஐ நட்பு என்று சொல்வது நியாயம் இல்லை. இந்த ஒன்றைத்தான் இந்தப் பதிலில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நான்கு முறை முடிவெடுத்த நாடு இது: 1961, 1973, 1994, 2018. ஒவ்வொரு முறையும் அன்றைய ஆட்சியாளருக்கு எது நெருக்கடியோ அதை வைத்தே முடிவு வந்திருக்கிறது. தைபேயிலும் பெய்ஜிங்கிலும் நடந்ததை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். வாகடூகுவில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

சரி, அந்த 24 ஆண்டுகளில் தைவான் என்ன செய்தது? நிறையவே செய்தது. நாட்டின் கிழக்கில் நக்காம்பே ஆற்றின் மேல் பாக்ரே அணை இருக்கிறது. அதன் கீழே நெல் வயல்களை உருவாக்கியதில் தைவானுக்குப் பெரிய பங்கு உண்டு. பாக்ரே அரிசி நாட்டுக்குள் பெயர் தெரிந்த அரிசி. கூதுகு நகர மருத்துவமனையில் தைவான் மருத்துவக் குழு பல ஆண்டுகள் வேலை செய்தது. வாகடூகுவின் புறத்தில் ஒரு பெரிய நவீன மருத்துவமனையைக் கட்டப் பணம் கொடுத்தது. சினியாரே ஊரில் தொழிற்பயிற்சி மையம், மின்சாரம் இல்லாத ஊர்களில் பிள்ளைகள் இரவில் படிக்கச் சூரிய ஒளி விளக்குகள், தைவான் பல்கலைக்கழகங்களில் படிக்க உதவித்தொகை. தைவானில் கட்டாய ராணுவ சேவைக்குப் பதில் வெளிநாட்டுச் சேவை செய்யலாம் என்ற திட்டம் வந்தபோது, இளம் மருத்துவர்கள் இங்கே வந்தார்கள். அதில் ஒருவர் குப்பை பொறுக்கிக் கொடுத்தால் துணி தருகிறேன் என்று ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துத் தெருவைச் சுத்தம் செய்த கதை தைவானில் அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆனால் இதே பட்டியலில் ஒரு பலவீனமும் இருக்கிறது. அந்த மருத்துவமனைக்கு முதலில் வைத்த பெயர் பிளேஸ் காம்பவோரே மருத்துவமனை. சினியாரே காம்பவோரேயின் சொந்த ஊர். உதவி நாட்டுக்குத்தான் வந்தது, ஆனால் அதன் முகமாக ஒரே மனிதர் நின்றார். கைமாறாகத் தைவானுக்குக் கிடைத்தது ஐ.நா.விலும் உலக சுகாதார நிறுவனத்திலும் தனக்காகப் பேச ஒரு குரல். அந்தக் குரலும் காம்பவோரே அரசின் குரல்தான். 2014 அக்டோபரில், 27 ஆண்டு ஆட்சியை இன்னும் நீட்டிக்க அரசியல் சட்டத்தைத் திருத்தப் பார்த்தபோது மக்கள் தெருவுக்கு வந்தார்கள், நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது, காம்பவோரே ஐவரி கோஸ்டுக்கு ஓடினார். மருத்துவமனையின் பெயர் பிறகு தெங்காந்தோகோ என்று மாறியது. தைவானைத் தேர்ந்தெடுத்த மனிதர் போய்விட்டார். புதிய ஆட்சிக்கு அந்தத் தேர்வைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்ற கடன் இல்லை.

அப்படியானால் 2015-லேயே ஏன் மாறவில்லை? மாற முடியாது என்பதுதான் உண்மை. 2008-ல் தைவானில் மா யிங்-ஜியோ அதிபரானதும் பெய்ஜிங்குக்கும் தைபேக்கும் நடுவில் எழுதப்படாத ஓர் உடன்பாடு இருந்தது: ஒருவர் நண்பரை மற்றவர் இழுக்கக் கூடாது. அது எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதைக் காம்பியா காட்டியது. 2013 நவம்பரில் அதன் அதிபர் யாஹ்யா ஜாமே திடீரென்று தைவானை முறித்துக்கொண்டார். பெய்ஜிங் கதவைத் திறக்கவில்லை, செய்தியை வெளிநாட்டு ஊடகம் வழியாகத்தான் அறிந்தோம் என்றது. இரண்டு ஆண்டுக்கு மேல் காம்பியா இரண்டு பக்கமும் இல்லாமல் நின்றது. 2016 ஜனவரியில் சாய் இங்-வென் தைவான் தேர்தலில் வென்றார். மார்ச் 17 அன்று, அவர் பதவி ஏற்பதற்கு முன்பே, சீனா காம்பியாவைச் சேர்த்துக்கொண்டது. உடன்பாடு முடிந்துவிட்டது என்று உலகத்துக்கே அறிவித்த மாதிரி. அந்த டிசம்பரில் சாவோ தோமே தீவு நாடும் போனது. அதற்கு அடுத்த மாதம் அல்ஃபா பாரியின் பேட்டி. தூண்டில்கள் ஏன் அப்போது வந்தன என்று முன்பு கேட்டேனே, காரணம் இதுதான்.

கதவு திறந்த அதே நேரத்தில் வாகடூகுவில் என்ன நடந்தது என்று பாருங்கள். ரோக் மார்க் கிறிஸ்டியான் கபோரே 2015 டிசம்பர் கடைசியில் அதிபராகப் பதவி ஏற்றார். மூன்று வாரம்கூட ஆகவில்லை. 2016 ஜனவரி 15 இரவு கப்புச்சினோ உணவகத்திலும் ஸ்பிளெண்டிட் ஹோட்டலிலும் ஆயுததாரிகள் புகுந்து 30 பேரைக் கொன்றார்கள். 2017 ஆகஸ்டில் இன்னொரு உணவகத்தில் 18 பேர். 2018 மார்ச் 2 அன்று ராணுவத் தலைமையகமும் பிரெஞ்சுத் தூதரகமும் தாக்கப்பட்டன. தைவானை முறித்துக்கொண்டது அந்த மே மாதம். வடக்கிலும் கிழக்கிலும் ஊர் ஊராகப் பள்ளிகள் மூடிக்கொண்டிருந்த காலம் அது. கபோரேவின் மேசையில் இருந்த முதல் பிரச்சினை பாதுகாப்பு, இரண்டாவதும் அதுதான்.

பாதுகாப்பில் தைவானால் என்ன செய்ய முடியும்? அது ஐ.நா.விலேயே இல்லை. சீனா பாதுகாப்பு அவையின் நிரந்தர உறுப்பினர். மவுரித்தானியா, மாலி, நைஜர், சாட், புர்க்கினா பாசோ சேர்ந்த ஜி5 சாஹேல் கூட்டுப்படைக்கு ஐ.நா.வின் ஆதரவும் பணமும் கேட்டு அந்த நாடுகள் 2017 முழுவதும் அலைந்துகொண்டிருந்தன. அந்த ஐந்தில் தைவானை அங்கீகரித்தது புர்க்கினா பாசோ மட்டும். சாட் 2006-லேயே மாறிவிட்டது. ஒரு கோரிக்கைக்கு வீட்டோ உள்ள நாட்டின் தயவு வேண்டும், ஆனால் அந்த நாட்டுக்குத் தலைநகரில் தூதரகம் கிடையாது. எவ்வளவு சங்கடமான நிலை!

சீனா இதில் விளையாடக்கூடியதுதான் என்பதற்குப் பழைய உதாரணங்களும் உண்டு. 1997 ஜனவரியில் குவாத்தமாலாவுக்கு ஐ.நா. ராணுவப் பார்வையாளர்களை அனுப்பும் தீர்மானத்தைச் சீனா வீட்டோ செய்தது, அந்த நாடு தைவானோடு நெருக்கமாக இருந்ததுதான் காரணம். சில நாளில் சமரசம் வந்து பார்வையாளர்கள் போனார்கள். 1999-ல் மாசிடோனியா தைவானை அங்கீகரித்ததும், அங்கிருந்த ஐ.நா. படையின் காலத்தை நீட்டிக்கும் தீர்மானம் சீன வீட்டோவில் விழுந்தது. பக்கத்திலேயே லைபீரியா: உள்நாட்டுப் போர் முடிந்து 2003 செப்டம்பரில் பெரிய ஐ.நா. அமைதிப்படை அனுமதிக்கப்பட்டது, அக்டோபரில் லைபீரியா தைவானை விட்டது, பிறகு சீன வீரர்களும் அந்தப் படையில் வந்து சேர்ந்தார்கள். வாகடூகுவில் இருந்த ராஜதந்திரிகளுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது. யாரும் வந்து மிரட்டத் தேவையே இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

வணிகத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். தைவானை அங்கீகரித்த காலத்திலும் வாகடூகு தெருவில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் சீனத் தயாரிப்புதான். கடைவீதி துணி, பிளாஸ்டிக், சூரியத் தகடு எல்லாம் சீனாவிலிருந்து வந்தவை. அண்டை நாடுகள் ஆறும் பெய்ஜிங் பக்கம். அவற்றின் துறைமுகங்களும் சாலைகளும் சீனக் கடனில் வளர்வதை, கடலே இல்லாத இந்த நாட்டு வியாபாரிகள் நேரில் பார்த்தார்கள். 2018 செப்டம்பரில் பெய்ஜிங்கில் சீன-ஆப்பிரிக்க உச்சி மாநாடு வேறு இருந்தது. மே 1 அன்று டொமினிக்கன் குடியரசு தைவானை விட்டது. மே 24 அன்று, உலகம் மாறிவிட்டது, நாட்டுக்கும் இந்த வட்டாரத்துக்கும் உள்ள பொருளாதார, சமூகச் சவால்கள் நிலைப்பாட்டை மறுபரிசீலிக்க வைக்கின்றன என்று அதே அல்ஃபா பாரிதான் அறிவித்தார். மே 26 அன்று பெய்ஜிங்கில் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீயுடன் கையெழுத்து. தைவான் வெளியுறவு அமைச்சர் ஜோசப் வூ பதவி விலக முன்வந்தார். தைவானுக்கு மிஞ்சியவை 18 நாடுகள்.

"விற்றுவிட்டார்கள்" என்ற சொல்லை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். 2005-ல் செனகல் மாறியபோது அதிபர் அப்துலாய் வாட் தைவான் அதிபருக்குக் கடிதம் எழுதினார்: நாடுகளுக்கு இடையே நண்பர்கள் இல்லை, நலன்கள்தான் உண்டு என்று. கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் அமெரிக்கா 1979-ல் தைவானை விட்டுப் பெய்ஜிங்கை அங்கீகரித்ததை யாரும் விலைபோனதாகச் சொல்வதில்லை, பெரிய ராஜதந்திரம் என்கிறார்கள். ஆப்பிரிக்க நாடு அதையே செய்தால் மட்டும் காசுக்கு ஆசைப்பட்டதாகப் பேசுவது எனக்குக் கோபம் வரவழைக்கிறது.

முடிவில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. முடிவெடுத்த விதத்தில் நிறைய இருக்கிறது. முறிவை அறிவித்த நாளிலேயே தைவானும் தன் தூதரகத்தை மூடி, எல்லாத் திட்டங்களையும் நிறுத்தி, தொழில்நுட்பக் குழுக்களைத் திரும்ப அழைத்தது. ஒரு மருத்துவக் குழு ஒரே வீச்சில் கிளம்பினால் நோயாளியின் கோப்பை யார் பார்ப்பது? பயிற்சி மையத்துக்கு உதிரி பாகம் யார் அனுப்புவது? தைவானில் பாதிப் படிப்பில் இருந்த மாணவர்களுக்குத் தங்கள் பட்டம் என்ன ஆகும் என்ற கவலை. ஆறு மாதம், ஓராண்டு என்று ஒப்படைப்புக் காலம் வைத்திருக்கலாம். 1973-ல் கூ பள்ளத்தாக்கில் அடுத்த குழு வந்து வேலையைத் தொடர்ந்தது என்றால், 2018-ல் அதைவிட நன்றாகத் திட்டமிட்டிருக்க வேண்டும். இதில் மூன்று தலைநகரங்களுக்கும் பொறுப்பு உண்டு.

புதிய உறவில் வந்த பெரிய வாக்குறுதி போபோ-டியூலாசோவில் ஒரு மருத்துவமனை. அதற்காக நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள கூவா காப்புக்காட்டின் ஒரு பகுதியை எடுக்க அரசு முயன்றபோது 2019-ல் ஊர் மக்கள் எதிர்த்தார்கள். மருத்துவமனை வேண்டும், எங்கள் காட்டை விடமாட்டோம் என்றார்கள். கடைசியில் வேறு இடம் பார்க்க வேண்டி வந்தது. தலைநகரத்தில் கையெழுத்தான ஒன்றை ஊர்க்காரர்கள் நிறுத்த முடிந்ததே, அது எனக்கு மகிழ்ச்சி தந்த செய்தி.

ஜி5 சாஹேல் விஷயத்தில் எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டுப்படைக்கு ஐ.நா.வின் நிலையான நிதி கடைசிவரை கிடைக்கவில்லை. முதன்மையாக எதிர்த்தது சீனா அல்ல, அமெரிக்கா. 2022-ல் மாலி விலகியது, 2023 டிசம்பரில் புர்க்கினா பாசோவும் நைஜரும் விலகின. சீனாவின் உதவியால் வன்முறை குறையவும் இல்லை.

திரும்பி வருமா என்ற கேள்விக்கு: அருகில் வாய்ப்பு இல்லை. 2022-ல் மட்டும் வாகடூகுவில் இரண்டு ராணுவக் கவிழ்ப்புகள் நடந்தன. ஜனவரியில் கபோரே போனார், செப்டம்பரில் இப்ராஹிம் ட்ராவோரே வந்தார். பிரெஞ்சுப் படை வெளியேற்றப்பட்டது, மாஸ்கோவோடு நெருக்கம் வந்தது, மாலி, நைஜரோடு புதுக் கூட்டணி உருவானது. இவ்வளவு புரட்டிப் போட்டவர்களும் பெய்ஜிங் உறவைத் தொடவில்லை. தைவானுக்கு ஆப்பிரிக்காவில் இன்று எஸ்வாத்தினி மட்டும், உலகம் முழுக்க 12 நாடுகள். 1994-ல் தைவானிடம் சீனாவைவிட அதிகம் கொடுக்க வசதி இருந்தது, இன்று அது தலைகீழ். பாதுகாப்பு அவையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் மாறப்போவதில்லை. இந்த இரண்டில் ஒன்றாவது மாறினால் ஒழிய, வாகடூகுவில் யார் ஆட்சிக்கு வந்தாலும் ஐந்தாவது முறை முடிவெடுக்கக் காரணம் இருக்காது.